வெள்ளிக்கிழமைக்குப் போட்ட பாடத் திட்டம்

ரஸ்ஸல் கிரிம்ஷாவைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். மூக்கைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்க மிஸ். என் பேர மட்டும் மாத்திடுங்க. உங்க பேர மாத்த வேணாம்" என்றார். நியாயமான ஏற்பாடுதான். ஆகவே ரஸ்ஸல் கிரிம்ஷா என்பது அவர் பெயரில்லை. ரொவீனா என்ட்விசில் என்பது என் பெயர்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஸ்ஸலுக்கு வேலை போயிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பர்ன்லி ஊரின் மசூதிச் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு, அங்கே எல்லோருக்கும் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவரும் வீட்டுக்கு எடுத்துப் போவார். அவருடைய ஒரே மகள் லெக்ஸி என் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அந்த மசூதிக்கு ஒரு வெள்ளிக்கிழமை முழு வகுப்பையும் அழைத்துப் போக நான் திட்டம் போட்டேன். அப்பாவை அங்கே வகுப்பு முழுவதும் பார்த்துவிடக் கூடாது என்று லெக்ஸி பயந்தாள். அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு பத்தியில் புரிந்துவிட்டது. சமூகவியலில் இரண்டு பட்டம் வாங்கிய எனக்குப் புரிய அரைப் பருவம் ஆனது.

நான் கடவுள் இல்லை என்று சொல்பவள். சம்பளத்துக்கு மதம் கற்பிப்பவள். எங்கள் நாட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. பள்ளியில் மதக் கல்வி இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கற்பிக்கிறவர் நம்பியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. "காய்ச்சலப் பத்திப் பாடம் எடுக்கிறவங்களுக்குக் காய்ச்சல் இருக்கணுமா என்ன?" என்று ஆசிரியர் அறையில் சொல்லுவேன். இருபது வருடமாகச் சொல்லுகிறேன். கேட்டவர்கள் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தெருவில் இரண்டு மூன்று குடும்பங்கள் தேவாலயத்துக்குப் போகும். நான் பாடத் திட்டம் போட உட்காருவேன். பக்தியில் நான் அவர்களுக்குக் குறைந்தவளில்லை. மதக் கல்விக்குப் பச்சைத் தாள், சமூகவியலுக்கு ஆரஞ்சுத் தாள். ஆசிரியர் செய்வது ஒரு கட்டத்தில், மாணவர் செய்வது அடுத்த கட்டத்தில், அதற்கு எத்தனை நிமிடம் என்பது ஓரத்தில். "மாணவர் வியப்படைவர்: நான்கு நிமிடம்" என்று ஒருமுறை எழுதியிருக்கிறேன். பிடித்துப்போன திட்டங்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வைப்பேன். மழையில் நனைந்தாலும் அவை அழியா. அவற்றை மழையில் யார் நனைக்கப் போகிறார்கள் என்று நான் யோசித்ததில்லை.

ஐப்பசிக் குளிர் தொடங்கியிருந்த ஒரு மாலை. பள்ளி விட்டபிறகு ரஸ்ஸல் என் வகுப்பறைக் கதவைத் தட்டினார். நல்ல உயரம். கழுத்தில் ஊர்க் கால்பந்து அணியின் செங்கறுப்புச் சால்வை. கையில் கைப்பேசியை ஜெபமாலை பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"லெக்ஸியோட அப்பா, மிஸ். ஒரு விஷயம். எனக்கு மதத்துல நம்பிக்க இல்ல."

"எனக்கும் இல்ல" என்றேன்.

அந்தப் பதிலுக்கு அவர் தயாராக வரவில்லை. கைப்பேசியைப் பார்த்தார். அதிலும் பதில் இல்லை போலும்.

"இல்ல... நான் என்ன சொல்றேன்னா, பிள்ளைங்க மனசுல இதெல்லாம் திணிக்கக் கூடாது மிஸ். வளந்தப்புறம் அவங்களே முடிவு பண்ணட்டும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு மனச்..." மறுபடி பார்த்தார். "மனச்சாட்சிச் சுதந்திரம் இருக்கு."

இருபது வருடமாக என் வகுப்பறைக்கு வந்த பெற்றோர்களில் யாரும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நாற்காலி இழுத்துப் போட்டேன். டீ போட்டேன். பெற்றோர் கூட்டத்துக்கென்று பூட்டி வைத்திருந்த நல்ல பிஸ்கட்டை எடுத்தேன். பிறகு பேசினேன். கிரேக்கத்தில் தொடங்கினேன். அவர் மூன்றாவது பிஸ்கட்டை முடித்தபோது நான் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்திருந்தேன். அலமாரியிலிருந்து மூன்று தடித்த புத்தகங்களை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இதுல மூணாவது அத்தியாயம் உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும், மிஸ்டர் கிரிம்ஷா."

"நான் எழுத்தப் பாத்தா தூங்கிடுவேன் மிஸ்."

"இது தூங்க விடாது."

"சரிங்க." புத்தகங்களின் எடையில் அவர் குரலே சற்று அமுங்கியிருந்தது. "அப்ப லெக்ஸிக்கு அந்த வெள்ளிக்கிழம மட்டும் விலக்கு குடுத்துடுவீங்க இல்ல?"

பெற்றோர் கேட்டால் பிள்ளைக்கு மதக் கல்வியிலிருந்து முழுவதுமாகவோ ஒரு பகுதியிலோ விலக்குக் கொடுத்தாக வேண்டும். காரணம்கூடக் கேட்கக் கூடாது. இங்கே அது சட்டம். அந்தச் சட்டத்துக்காக ஆசிரியர் அறையில் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

"வெள்ளிக்கிழமை மட்டுமா? பாடம் முழுசும் வேண்டாமா?"

"சே, பாடமெல்லாம் இருக்கட்டும். புத்தர், கிறிஸ்துமஸ், அதெல்லாம் அவளுக்குப் பிடிச்சிருக்கு. அந்த மசூதிக்குப் போறது மட்டும் வேணாம்."

நான் பிஸ்கட் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட பெற்றோர்களை எனக்குத் தெரியும். தேவாலயத்துக்குப் பிள்ளையை அனுப்புவார்கள். புத்த விகாரைக்கு அனுப்புவார்கள், அங்கே எடுத்த படத்தை உறவினருக்கெல்லாம் காட்டுவார்கள். மசூதி என்றதும் மட்டும் மனச்சாட்சி விழித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு மனிதனைப் பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டத்தைத் திரையாகத் தொங்கவிடுகிறவர்கள். அவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்றும் குறையவில்லை. ஆனால் ரஸ்ஸல் அவர்களில் ஒருவர் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் அவரைத் தோழராக்கி, அடுத்த அரை நிமிடத்தில் இனவெறியராக்கினேன். மனிதர்கள்மேல் முத்திரை குத்துவது எவ்வளவு பெரிய சமூகக் கொடுமை என்று மறுநாள் காலை பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். நல்ல பாடம். அந்தத் திட்டம் பிளாஸ்டிக் உறையோடு இன்னும் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு யோசனை பிறந்தது. கடவுள் கொடுத்தார் என்று சொல்லலாம். ஆள் இல்லாததால் பெருமை முழுவதும் எனக்கே வந்து சேருகிறது. மதக் கல்வியிலிருந்துதானே விலக்கு உண்டு? சமூகவியலிலிருந்து இல்லையே! லெக்ஸிக்கு இரண்டு பாடமும் நான்தான். பச்சைத் தாளைக் கிழித்துவிட்டு ஆரஞ்சுத் தாளை எடுத்தேன். "தொழுகை இடத்தை அறிதல்" என்ற தலைப்பு "ஒரு சமூக நிறுவனத்தை நேரில் கவனித்தல்" என்று மாறியது. சமூகவியல் என்றால் வெறுமனே சுற்றிப் பார்த்தால் போதாது, ஆராய்ச்சி வேண்டும். எனவே புதிதாக ஒரு வேலை சேர்த்தேன்: தொழுகைக்குப் பிறகு சமையலறை வாசலில் இலவசச் சாப்பாட்டுக்கு நிற்பவர்களை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வயது, ஆண் பெண், உடை, தனியாகவா குடும்பமாகவா. பதினைந்து நிமிடம். பிறகு அதை ஒட்டி விவாதம், இன்னொரு பதினைந்து. உடனே உறை போட்டு ஒட்டினேன்.

பயணங்களுக்கெல்லாம் அனுமதி தருபவர் எங்கள் துணைத் தலைமை ஆசிரியர் ஃபாரன்ட். ஆரஞ்சுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொவீனா, இது அதே பஸ்தானே?"

"அதே பஸ்."

"அதே மசூதி?"

"அதே மசூதிதான். ஆனா நோக்கம் வேற."

"பிள்ளைங்க வேறயா?"

"அதே பிள்ளைங்க."

"சரி. உனக்கும் அந்த மேல இருக்கிறவருக்கும் என்ன தகராறோ, அத நீயே பாத்துக்கோ. எனக்கு வேண்டியது ஆபத்துக் கணிப்பு. முன்னாடியே ஒருதடவ போய், எங்க வழுக்கும், எது சுடும்னு பாத்து எழுதிக் குடுத்துடு. அது இல்லாம பஸ் கிளம்பாது."

ரஸ்ஸலுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். கடிதம் போட்டிருக்கலாம். ஆனால் வெற்றியைக் காதால் கேட்க விரும்பினேன்.

"இது இப்ப சமூகவியல் பாடம், மிஸ்டர் கிரிம்ஷா. இதுலேர்ந்து விலக்கிக்கச் சட்டத்துல இடமில்ல."

"வெள்ளிக்கிழமையேதான் போகணுமா மிஸ்? வேற நாளு கெடையாதா?"

"வெள்ளிக்கிழமைதான் பெரிய தொழுகை. அன்னைக்குத்தான் சமையலறை நடக்கும். பாடத்தோட உயிரே அதுதான்."

"சமையலறைக்குள்ளயா வரீங்க?"

'வரீங்க' என்றார், 'போறீங்க' என்று சொல்லவில்லை. என் காதில் விழுந்தது; மூளைக்குப் போகவில்லை.

"ஆமா. சாப்பாட்டுக்கு யார் யார் நிக்கிறாங்கன்னு பிள்ளைங்க குறிப்பெடுப்பாங்க."

"குறிப்பா?"

"வயசு, துணிமணி, எப்படி நிக்கிறாங்க..."

மறுமுனையில் ஒரு கதவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "படிச்சவங்க, நீங்க சொன்னா சரி மிஸ்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார். ஒரு வெறியரின் வாயை அடைத்த மகிழ்ச்சியில் நான் என் வீட்டுச் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன்.

லெக்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் என்னைத் திணறடிப்பவள் அவள்தான். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் எல்லா மதங்களிலும் ஈகை என்ற பாடம் நடந்தது. கையைத் தூக்கினாள். "மிஸ், குடுக்கிறவங்களுக்குச் சொர்க்கம் கெடைக்கும், புண்ணியம் கெடைக்கும்னு எல்லா மதத்துலயும் போட்டிருக்கு. வாங்கிக்கிறவங்களுக்கு என்ன கெடைக்கும்?"

அருமையான கேள்வி. நான் செய்தது என்ன? "இதை விவாதமாக விரிவாக்கலாம்: பதினைந்து நிமிடம்" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தொலைபேசியில் அவள் அப்பாவை வென்ற மறுநாளிலிருந்து அந்தக் கை மேலே எழவில்லை. ஒருநாள் மணி அடித்தபிறகு எல்லோரும் போகட்டும் என்று நின்றாள்.

"மிஸ், அந்த வெள்ளிக்கிழம எனக்கு உடம்பு சரியிருக்காது."

"அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே, லெக்ஸி."

"முன்கூட்டியே சொல்லிடறேன்."

"அப்பா சொல்லச் சொன்னாரா?"

"அப்பாவ விடுங்க மிஸ். அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. தகப்பனின் வெறுப்புக்கும் தன் நியாய உணர்ச்சிக்கும் நடுவே தவிக்கும் பெண்! தோளைத் தட்டினேன். "அவர் நினைக்கிறதையெல்லாம் நீயும் நினைக்கணும்னு இல்லம்மா. நீ தைரியமா இரு."

லெக்ஸி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் கூண்டுக்குள் தானே போய்ப் பூட்டிக்கொண்ட முயலைப் பார்ப்பதுபோல.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியல மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பயணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் ஆபத்துக் கணிப்புக்காக மசூதிக்குப் போனேன். முன்பு மெதடிஸ்ட் தேவாலயமாக இருந்த கட்டடம். பள்ளிப் பிள்ளைகளை வரவேற்பது, சமையலறையை நடத்துவது இரண்டும் நஸ்ரீனின் பொறுப்பு. நானும் அவளும் சேர்ந்து படித்தவர்கள். என்னிடம் இன்றுவரை வந்து சேராத அவளுடைய மதத்தையும், என்னைவிட்டு இன்றுவரை போகாத என் வாயையும் தாண்டி நட்பு நீடிக்கிறது.

வாசற்படி: மழையில் வழுக்கும். செருப்பு அடுக்கு: தலையில் இடிக்கும். எழுதிக்கொண்டே சமையலறைக்குள் போனேன். அடுப்பு: சுடும். சாப்பாடு வாங்குகிறவர்கள் பின்வாசல்வரை நின்றார்கள். ஆசியர்கள், வெள்ளையர்கள், குழந்தை வண்டியோடு ஒரு சின்னப் பெண். தொட்டியருகே ஒரு ஆள், ஒரு ஆளையே குளிக்கவைக்கும் அளவுள்ள பிரியாணித் தேக்சா ஒன்றுக்குள் இடுப்புவரை நுழைந்து தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது பின்பக்கமும் கால்களும்தான். இடுப்பில் செங்கறுப்புச் சால்வை.

நஸ்ரீனைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தேன்.

"அந்த ஆள் எப்படி உள்ள வந்தான்?"

"யாரு, ரஸ்ஸலா? கதவு வழியா."

"நஸ்ரீன், அவன் ஏதோ வம்பு பண்ண வந்திருக்கான்."

"என்ன வம்பு?"

"உங்க ஆளுங்களையே அவனுக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியும்."

நஸ்ரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க பசங்க தேய்ச்சா பாதி பிரியாணி அடியிலயே ஒட்டிட்டிருக்கும். அவரு தேய்ச்சா அதுல முகம் பாக்கலாம். இந்த மாதிரி வம்பு பண்ண இன்னும் ரெண்டு பேர் இருந்தா அனுப்பு ரொவீனா, புண்ணியமாப் போகும்."

தேக்சாவுக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. நெற்றியில் நுரை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கதவருகே ஆணியில் அவருடைய கோட்டு தொங்கியது. அதன் கீழே, முடிச்சுப் போட்டு, இரண்டு பேருக்கான பொட்டலம்.

கணக்கு அப்போதுதான் கூடியது. கைப்பேசியைப் பார்த்துப் படித்த மனச்சாட்சி. வெள்ளிக்கிழமை மட்டும். வேற நாளு கெடையாதா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல மிஸ். எழுதுகோல் ஓடாமல் நின்றது. வழுக்குவது, இடிப்பது, சுடுவது எல்லாம் தாளில் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை இந்த வாசலுக்கு முப்பது பிள்ளைகளை எழுதுகோலோடு அழைத்து வரப்போகும் ஆபத்து மட்டும் அதில் இல்லை.

ரஸ்ஸல் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். நானும் போனேன். சிகரெட்டைப் பற்றவைத்தார், புகையை என் பக்கம் வராமல் தள்ளி ஊதினார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் சுட்டது.

"விமான உதிரி பாகம் செய்ற தொழிற்சாலையில கடைசல் வேல, மிஸ். பத்தொம்பது வருஷம். மூடிட்டான். அப்புறம் பார்சல் வேன். நின்னா காசில்ல, ஓடினாத்தான் காசு. இங்கயும் பார்சல் கொண்டாந்து போடுவேன். அப்புறம் முதுகு போச்சு. வேனும் போச்சு."

"அரசாங்க உதவித்தொகைக்கு எழுதலையா?"

"எழுதாமலா? மொதப் பணம் வரவே அஞ்சு வாரம்னாங்க. அப்புறம் ஏதோ காகிதம் சரியில்லன்னு மறுபடி மொதல்லேர்ந்து." சிகரெட்டின் நுனியைப் பார்த்தார். "உள்ள இருக்காங்களே இந்தம்மா, ஒருநாள் தெருவுல பாத்துட்டு, 'சாப்பிட வா'ன்னாங்க. வந்தேன். வந்து நிக்க முடியல மிஸ். கையில தட்ட வெச்சிக்கிட்டு நிக்கறது... எனக்குத் தெரியல. தொட்டி காலியா இருந்துச்சு. அங்க போயிட்டேன்."

"லெக்ஸிக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம என் வீட்ல என்ன நடக்கும்? சினேகிதிங்ககிட்ட நான் இன்னும் வேன் ஓட்டறதாச் சொல்லி வெச்சிருக்கா. அவ கூட இல்லன்னா பிள்ளைங்களுக்கு என்னைய அடையாளம் தெரியாது. இந்த யோசனையும் அவளோடதுதான். 'கடவுள் நம்பிக்க இல்லன்னு சொல்லிடுங்கப்பா, நம்ம ஊர்ல அதுக்கு மேல யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க'ன்னா." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்கதான் மிஸ் கேட்டீங்க. கேட்டு, மூணு புஸ்தகம் வேற குடுத்தீங்க."

நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் சிரித்தார். அதன்பிறகே எனக்குத் துணிவு வந்தது.

இதனால் எனக்குக் கடவுள் நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பெண்கள் ஏன் பக்கக் கதவால் வரவேண்டும் என்று நஸ்ரீனிடம் இன்றும் சண்டை போடுகிறேன். "அந்தக் கதவுதான் சமையலறைக்குக் கிட்ட" என்கிறாள். அது பதிலா, ஒப்புதல் வாக்குமூலமா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்லுவேன். பசித்தவனை ஐந்து வாரம் பொறு என்று நான் கற்பிக்கும் எந்த மதமும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு நவீன அரசாங்கம் தேவைப்பட்டது, கணிப்பொறி தேவைப்பட்டது, என்னைப்போலப் பட்டம் வாங்கியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கட்டம் போட்டு, ஓரத்தில் நாள் கணக்கு எழுதித் திட்டமிட வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம் இரும்பைக் கடைந்து வரி கட்டியவர், ஒரு பொட்டலம் சோற்றைத் தன் பிள்ளையின் தோழிகளிடமிருந்து மறைக்கிறார். வெட்கப்பட வேண்டியவர்கள் யாரும் எதையும் மறைக்கவில்லை. தொலைக்காட்சியில் வந்து பேசுகிறார்கள்.

இந்தச் சொற்பொழிவை அந்தப் பின்வாசலிலேயே ரஸ்ஸலிடம் செய்தேன். பாதியில் அவர், "மிஸ், தேக்சா ஊறிட்டிருக்கு" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஃபாரன்ட்டிடம் போனேன்.

"வெள்ளிக்கிழமைப் பயணத்த வேற நாளைக்கு மாத்தணும்."

"ஏன்? பஸ் பேசியாச்சு, பெற்றோருக்குச் சொல்லியாச்சு."

காரணத்தைச் சொன்னால் ரஸ்ஸலின் கதை மாலைக்குள் ஆசிரியர் அறைக்கு வந்துவிடும். அங்கிருந்து வகுப்புகளுக்குப் போக ஒரு மணி அடிக்கிற நேரம் போதும். வேறு பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"ஆபத்துக் கணிப்பு எழுத மறந்துட்டேன்."

எங்கள் தொழிலில் பிள்ளையை அடித்தேன் என்று சொல்லுவதற்கு அடுத்தபடியான வாக்கியம் இதுதான். ஃபாரன்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெள்ளிக்கிழம அதுக்குத்தானே போன?"

"போனேன். எழுதல."

"நீயா? டீ போடறதுக்கே நிமிஷக் கணக்கு எழுதற ஆளாச்சே நீ!"

"வயசாகுது."

அவர் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் தண்டனை உண்டு. "சரி, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழம போங்க. ஆனா ரொவீனா, இந்தப் பருவம் முடியறவரைக்கும் உன் பாடத் திட்டம் ஒவ்வொண்ணையும் முன்கூட்டியே எனக்கு அனுப்பணும். புதுசாச் சேர்ந்தவங்க அனுப்பறாங்க இல்ல, அதே மாதிரி." இருபது வருடப் பக்திக்குக் கிடைத்த பலன். அனுப்புகிறேன். "இங்கே நிமிடம் குறிப்பிடவில்லையே" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறார்.

அன்று மாலை ரஸ்ஸல் வீட்டுக்கே போனேன். "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை போறோம். அன்னைக்குச் சமையலறை பூட்டியிருக்கும். பாடமும் மறுபடி மதக் கல்விதான். லெக்ஸிய விலக்கிக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. காரணம் கேக்க மாட்டேன். புஸ்தகமும் குடுக்க மாட்டேன்."

"அவளையே கேளுங்க மிஸ்" என்றார்.

அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லெக்ஸி மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"வரேன் மிஸ். ஆனா அந்த ஆரஞ்சுத் தாளு? யாரு எப்படி நிக்கிறாங்கன்னு எழுதறது?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"உறை போட்டதாச்சே. கிழியாதே?"

"கத்தரிக்கோலால வெட்டினேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரஸ்ஸல் உள்ளே போய் மூன்று புத்தகங்களையும் கொண்டுவந்து கொடுத்தார். "நாப்பது பக்கம் படிச்சேன். கடவுள் இல்லன்னு மொதப் பக்கத்துலயே ஒத்துக்கிட்டேன் மிஸ். அதுக்கப்புறமும் இத எழுதின ஆளு என்னைய விடவே மாட்டேங்கிறாரே, ஏன்?"

ரஸ்ஸல் இப்போது முதியோர் இல்லம் ஒன்றின் வண்டியை ஓட்டுகிறார். மாடிப்படி இறங்க முடியாதவர்களை முதுகு வலியோடு இறக்கி ஏற்றுகிறார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேலை வேண்டாம் என்று சொல்லி வாங்கியிருக்கிறார். காரணம் கேட்டார்களாம். மத நம்பிக்கை என்று சொல்லிவிட்டாராம். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை. பிள்ளைகள் செருப்பை அடுக்கில் வைத்தார்கள். ஒருவன் தலையை இடித்துக்கொண்டான், நான் எழுதியிருந்தபடியே. நஸ்ரீன் எல்லோரையும் வரவேற்றாள். ரஸ்ஸலோடு தெருவில் பார்த்துப் பழகியிருந்த லெக்ஸியைத் தெரியாததுபோல நடந்துகொள்ளும்படி நான் சொல்லி வைத்திருந்தேன். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நேராக லெக்ஸியிடம் போய், "நீ யாரும்மா? உன்ன நான் என் வாழ்நாள்ல பாத்ததே இல்லையே!" என்று உரக்கச் சொன்னாள். லெக்ஸி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் தோள்கள் குலுங்கின. நான் கூரையைப் பார்த்தேன்.

சுற்றிப் பார்த்து முடித்துக் கம்பளத்தில் உட்கார்ந்தோம். கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றாள் நஸ்ரீன். பல வாரங்களாகக் கீழேயே கிடந்த கை மேலே எழுந்தது.

"குடுக்கிறவங்களுக்குச் சொர்க்கம் கெடைக்கும்னு போட்டிருக்கு. வாங்கிக்கிறவங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"சாப்பாடு" என்றாள் நஸ்ரீன். "வேறென்ன?"

லெக்ஸி தலையை ஆட்டிவிட்டுக் கையை இறக்கினாள்.

ஃபாரன்ட்டுக்கு அனுப்பியிருந்த திட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் செருப்பைத் தேடப் போய்விட்டார்கள்.